மீன் தெருவுக்கு ஓர் அடிபம்பு

ஓல்ஷாவிட்சா, போலந்து
14 நவம்பர் 1937

என் அருமைத் தங்கை ஃப்ரூமாவுக்கு,

நானும் என் மகள் மிண்டெலும், கண்ணேறு படாமல் இருக்க வேண்டும், உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரர் நாஃப்தாலியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நீ அனுப்பிய படம் கிடைத்தது. கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறாயே, புவனோஸ் ஐரஸில் குளிர்காலத்தை யாராவது களவாடிக்கொண்டு போய்விட்டார்களா?

ஒரு பொத்தான் கடைக்காரி நகரசபையில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று நாஃப்தாலி கேட்டாராம். கத்துகிறாள் என்று சொல்லு. சிறுவியாபாரிகளும் தையல்காரர்களும் ஓட்டுப் போட்டு என்னை அனுப்பி மூன்று வருடம் ஆகிறது. எனக்குக் கொடுத்திருப்பது அடுப்பிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற நாற்காலி. நான் எழுந்தாலே மேயர் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். சபையில் நம் யூதர்கள் இன்னும் மூன்று ஆண்கள் இருக்கிறார்கள். "அம்மா, மெல்ல" என்று என் பாவாடையை இழுப்பதுதான் அவர்கள் வேலை. நான் பேசும்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்கிற ஒரே ஆள் கொல்லன் வாலெந்தி குரெக். அவன் கிறிஸ்தவன், பியர் நாற்றம் அடிப்பவன். அவனுக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

நம் மீன் தெரு இன்னும் தோல் பதனிடும் இடத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. போன கோடையிலும் சுரம் வந்தது. தெருவுக்கு ஒரு அடிபம்பு வேண்டும் என்று இந்தக் குளிர்காலத்தில் சபையில் வைக்கப்போகிறேன். பார்க்கலாம்.

நூற்றிருபது வயது வரை நலமாக இரு.
உன் அக்கா டோப்ரா


புவனோஸ் ஐரஸ்
20 டிசம்பர் 1937

அன்புள்ள டோப்ரா அக்காவுக்கு,

இங்கே எங்களுக்கு எல்லாம் நலம், வெயில் மட்டும்தான் சகிக்கவில்லை. உன் முதுகுவலி எப்படி? மிண்டெல் உயரம் இன்னும் கூடிவிட்டதா?

நல்ல சேதி. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இருக்கிறது, பார். உனக்கும் மிண்டெலுக்கும் இந்த நாட்டுக்குள் வர அனுமதி. நாஃப்தாலி தெருத்தெருவாக விற்கிற ஜமுக்காள மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஜூலை மாதம் முடிவதற்குள் வார்சாவில் தூதரகத்தில் முத்திரை வாங்கிக் கப்பல் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு இது வெறும் தாள்.

எங்கள் முற்றத்தைச் சுற்றி ஏழு குடும்பம், ஏழு அடுப்பு. இத்தாலிக்காரி ஒருத்தி விடியும் முன்பே பாட ஆரம்பித்துவிடுவாள். ஆனாலும் எங்கள் அறையில் இன்னும் இரண்டு கட்டிலுக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

நம்மவர் கடை வாசலில் ஆட்கள் நின்றுகொண்டு யாரையும் உள்ளே போக விடுவதில்லை என்று இங்குள்ள பத்திரிகையில் படித்தேன். நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என்றைக்குப் புறப்படுகிறாய் என்று மட்டும் எழுது.

உன் வழியையே பார்த்திருக்கும்
ஃப்ரூமா


ஓல்ஷாவிட்சா
14 பிப்ரவரி 1938

என் கண்ணான ஃப்ரூமாவுக்கு,

நாங்கள் நலம். மிண்டெலுக்கு இருமல் வந்து போய்விட்டது. நீங்கள் இருவரும் சுகம்தானே?

தாள் பத்திரமாக வந்தது, மெத்தைக்கு அடியில் இருக்கிறது. நாஃப்தாலியின் கால்களுக்கு என் நன்றி. அவருக்கு நான் எந்த ஜென்மத்திலும் ஈடு செய்ய முடியாது. இப்போது உட்கார்ந்துகொள், ஒரு கதை சொல்கிறேன்.

பம்பு விஷயத்தை ஓட்டுக்கு விட மேயர் சனிக்கிழமையாகப் பார்த்துப் பிடித்தார். ஓய்வுநாளில் யூதர் வரமாட்டார்கள், தொல்லை விட்டது என்று கணக்கு. நம் ஆண்கள் மூவரும் ஜெபக்கூடத்தை விட்டு அசையவில்லை. ஜெயித்தாயிற்று என்ற நினைப்பில் மேயரின் ஆட்களில் பாதிப் பேர் முயல் வேட்டைக்குப் போய்விட்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். நடப்பது வேலையா? உட்காருவது வேலையா? கை தூக்குவது வேலையா? ஜெபக்கூடத்து ரபியிடம் கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்பதால் கேட்கவில்லை. ஓய்வுநாளில் பையில் எதையும் எடுத்துப் போகக் கூடாதே, கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பனியில் நடந்து போனேன்.

வாசலில் குமாஸ்தா வருகைப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினான். "பேரை எழுதுங்கம்மா. புஸ்தகத்துல பேர் இல்லைன்னா நீங்க வரலைன்னுதான் கணக்கு."

ஃப்ரூமா, இதை நான் யோசிக்கவே இல்லை. எழுதுவது வேலை, பெரிய வேலை. எனக்காக எழுது என்று இன்னொருத்தரைக் கேட்பதும் கூடாது. உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். என் காது பற்றிக்கொண்டு எரிந்தது. அப்போது அப்பா ஞாபகத்துக்கு வந்தார். சனிக்கிழமை அடுப்பு அணைந்துவிட்டால் அவர் யாரிடமும் பற்றவை என்று சொல்லமாட்டார். ஜன்னல் பக்கம் பார்த்து, "வீடு என்னமா குளிருது" என்பார். தெருவில் போகிற கிறிஸ்தவப் பையன் யாராவது சிரித்துக்கொண்டே உள்ளே வருவான், இல்லையா? நானும் கூரையைப் பார்த்துச் சொன்னேன்: "டோப்ரா வந்து நிக்கிறா. அவ பேரைத்தான் புஸ்தகத்துல காணோம்."

வாலெந்தி எழுந்து வந்தான். "மேயரய்யா, இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். சின்ன வயசுல மீன் தெரு முழுக்க நான்தான் அடுப்பு மூட்டுவேன். ஒரு வீட்டுலயும் மூட்டுன்னு சொன்னதில்ல. குளிருதுன்னுதான் சொல்லுவாங்க." பேனாவைப் பிடுங்கி, டோப்ரா ஷ்னால் வந்திருக்கிறார், கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கீழே தன் பெயரையும் போட்டான். மேயர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெயர் இருக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது, யார் எழுத வேண்டும் என்று இல்லை.

ஒரே ஓட்டில் ஜெயித்தோம். மறுநாள் ரபி கூப்பிட்டு மூச்சு விடாமல் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, பம்பு தன் வீட்டுப் பக்கம் வருமா என்று கேட்டார்.

எல்லோருக்கும் என் முத்தங்கள்.
டோப்ரா


புவனோஸ் ஐரஸ்
21 மார்ச் 1938

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீயும் மிண்டெலும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை முற்றத்தில் நின்று உரக்கப் படித்துக் காட்டினேன். நாஃப்தாலிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பாஷை புரியாத இத்தாலிக்காரிக்குச் சைகையில் சொன்னேன், அவளும் சிரித்தாள். அந்த வாலெந்திக்கு என் கையால் ஒரு முழு ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆனால் அக்கா, போன வாரம் நம் ஊர்க் கண்ணாடிக்காரரின் மகள் கப்பலில் வந்து இறங்கினாள். ஓட்டு நடந்த மறுநாளே உன் கடைக் கண்ணாடியைக் கல்லால் அடித்து நொறுக்கினார்களாம். அவள் அப்பாதான் புதுக் கண்ணாடி போட்டாராம். அதற்கும் மறுநாள்தானே எனக்குக் கடிதம் எழுதினாய்? மேயர் சட்டப் புத்தகத்தைப் புரட்டியது வரை எழுத இடம் இருந்தது, இதற்கு இல்லை. என்றைக்கு வருகிறாய் என்பதற்கும் இடம் இல்லை.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஹிர்ஷ் அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் சுரம் வந்து போனான். நாலு வயதுப் பிள்ளை. உனக்கு அந்தப் பம்பு எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மிண்டெல் உயிரோடு இருக்கிறாள் அக்கா. அவளை அழைத்துக்கொண்டு வா.

ஃப்ரூமா


ஓல்ஷாவிட்சா
2 மே 1938

ஃப்ரூமாவுக்கு,

பஸ்கா பண்டிகை நல்லபடியாக முடிந்தது. உடம்பு சுகம். உங்கள் சுகத்தை எழுது.

கண்ணாடி உடைந்தது உண்மைதான். கண்ணாடிக்காரருக்கு வேலை கிடைத்தது, கடைக்கு வெளிச்சம் கூடியது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அன்றிலிருந்து வாலெந்தி மாலை நேரத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் உட்கார்ந்து பூட்டுப் பழுது பார்க்கிறான். ஓல்ஷாவிட்சாவில் அத்தனை பூட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கைகளைப் பார்த்ததும் வாசலில் நிற்கிற ஆட்கள் வேறு தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அவன் மனைவி வாரா வாரம் வந்து பொத்தான் வாங்குகிறாள், தைக்க ஒரு முழம் துணி இல்லாமல். எனக்கு என்ன குறை, சொல்லு. நன்றி சொல்லியே வாய் வலிக்கிறது.

நீ கடைசியில் எழுதியிருந்ததைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

வருவதைப் பற்றிக் கேட்டாய். பம்புக்கு ஒதுக்கிய பணத்தைச் சந்தைத் திடலில் விளக்குப் போடத் திருப்பிவிட வேண்டும் என்று மேயர் ஒவ்வொரு கூட்டத்திலும் கொண்டு வருகிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஓட்டில் தோற்கிறார். அந்த ஓட்டு நான்தான். நான் கப்பல் ஏறினால் என் நாற்காலி காலியாகவே கிடக்கும், மீன் தெரு ஆற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும். அறுவடை முடிந்த பிறகுதான் தோண்ட ஆள் கிடைக்கும்.

உன் அக்கா


புவனோஸ் ஐரஸ்
10 ஜூன் 1938

அக்கா,

நாங்கள் நலம்.

தாளுக்கு உயிர் ஜூலை கடைசி வரைதான். உன் அறுவடைக்காக அது காத்திருக்காது. மேயர் விளக்குப் போட்டால் போட்டுக்கொண்டு போகட்டும். உனக்கு ஒரு தெரு முக்கியம், எனக்கு நீ முக்கியம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

ஃப்ரூமா


கிதீனியா துறைமுகம்
17 ஜூலை 1938

என் ஃப்ரூமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மிண்டெல்தான் உன் கையில் கொடுப்பாள். அவள் பக்கத்தில் என்னைத் தேடாதே. வார்சாவில் அவளுக்கு மட்டும் முத்திரை வாங்கினேன்.

ரயிலில் வரும் வழியெல்லாம் என்னோடு சண்டை. "நீ வரலைன்னா நானும் போகல. அந்தத் தெருவுல வேற ஆளே இல்லையா?" என்றாள்.

"இருக்காங்க. எல்லாரும் உக்காந்திருக்காங்க."

"அம்மா, அந்தத் தாள் செத்துடும். அப்புறம் உன்னை விடமாட்டாங்க."

அப்போதுதான் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவளிடம் அவன் பெயரைச் சொன்னதில்லை. "ஹிர்ஷுக்கு நான் ஒண்ணுமே செய்யல மிண்டெல். குடத்துல இருந்து மொண்டு என் கையாலதான் குடுத்தேன். இந்த ஒண்ணை முடிக்க விடு." அவள் என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பதினாறு வயதுப் பெண், கால் இருக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஃப்ரூமா, நீ இல்லாவிட்டால் இவளை எங்கே அனுப்பியிருப்பேன்? உலகத்தின் மறு கோடியில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது. இதற்கு ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றும்போது நன்றி சொல்கிறேன். இவளுக்கு வெங்காயம் பிடிக்காது. காலையில் எழுப்பக் கொஞ்சம் சத்தம் போட வேண்டும்.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.
டோப்ரா


ஓல்ஷாவிட்சா
30 அக்டோபர் 1938

அருமை ஃப்ரூமாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூவரின் சுகமும் மிண்டெல் எழுதித்தான் தெரிகிறது. அவளுக்கு நீ சிவப்புச் செருப்பு வாங்கிக் கொடுத்ததும் தெரியும். செப்டம்பரில் நம் புத்தாண்டுக்கு உன்னிடமிருந்து இரண்டு வரி வரும் என்று தபால்காரரைத் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். பரவாயில்லை. நான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பம்பு திறந்தோம். கைப்பிடி வாலெந்தி தன் உலையில் அடித்தது. கூலி வாங்கவில்லை. மேயர் வந்து, இந்தப் பம்பு தன் நெடுநாள் கனவு என்று பேசினார். நான்தான் முதலில் கைதட்டினேன். ஆற்றுத் தண்ணீரைச் சுமந்து விற்கிற கெட்ஸல் ஒரு வருடமாக என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தான், பிழைப்பைக் கெடுத்தவள் என்று. சபையில் பேசி அவனையே பம்புக்குக் காவல்காரனாகப் போடச் சொன்னேன். இப்போது ஒரு குவளை சிந்தினாலும் அவனிடம் தப்ப முடியாது. என்னையே நேற்று அதட்டினான்.

முதல் தண்ணீரை என்னை அடிக்கச் சொன்னார்கள். பல் கூசுகிற குளிர்ச்சி. தண்ணீருக்கு வாசனையே இல்லை ஃப்ரூமா. நம் தெருவில் வாசனை இல்லாத தண்ணீரை நான் குடித்ததே இல்லை. அப்படியே நின்று அழுதேன். மேயரின் பேச்சுக்குத்தான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், அவர் உட்பட. சாயங்காலம் வரை பெண்கள் வீட்டு வாசலில் வந்து ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். இத்தனை பேருக்கு நான் வேண்டியவள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

உனக்கும் ஒரு குவளை அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.
டோப்ரா


புவனோஸ் ஐரஸ்
15 ஜனவரி 1939

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது? தனியாக எப்படி விறகு தூக்குகிறாய்?

கோபம்தான், வேறென்ன. துறைமுகத்தில் இரண்டு பேருக்காக நின்றேன், ஒருத்தி இறங்கினாள். அவள் பின்னால் ஏணி காலியாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு பேனாவை எடுத்தால் கை திட்டத்தான் போகும் என்று எடுக்கவில்லை. மிண்டெல்தான் நேற்று உன் பம்புக் கடிதத்தை மறுபடி படித்துக் காட்டி, "சித்தி, ஒரு வரியாவது எழுதிடு" என்று தாளையும் கொண்டுவந்து வைத்தாள்.

பம்பு வந்துவிட்டது. இனி என்ன? இங்கே கதவைச் சாத்திக்கொண்டே வருகிறார்கள். நம்மவர் உதவிச் சங்கத்தில் நாஃப்தாலி பெயர் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊர்க் கோடைக்குள் ஒரே ஒருவரை இங்கே வரவழைக்க மனுப் போட முறை வருமாம், அழைக்கப்படுகிறவர் பெயரை நாமே சொல்லலாமாம். உன் பெயரைச் சொல்லப்போகிறோம். வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது.

ஃப்ரூமா


ஓல்ஷாவிட்சா
22 மே 1939

என் கண்ணே ஃப்ரூமா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன். நான் நலமாக இருக்கிறேன். விறகை வாலெந்தியின் பையன்கள் அடுக்கிவிடுகிறார்கள்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் தேர்தல். ஜெயித்துவிட்டேன். போன தடவையைவிட அதிக ஓட்டு. மேல் தெருக் கிறிஸ்தவப் பெண்கள் கூட எனக்குப் போட்டிருக்கிறார்கள், எங்களுக்கும் ஒரு பம்பு வேண்டும் என்று. போன கோடையில் மீன் தெரு சுரத்துக்குக் கொடுத்தது மூன்று பிள்ளைகள், அதற்கு முந்தின கோடையில் ஐந்து. பம்பு வந்த பிறகு ஒரு வீட்டிலும் சுரம் இல்லை. இந்த ஊர் கல்லும் எறிகிறது, ஓட்டும் போடுகிறது. நான் என்ன செய்ய? ஓட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டுக் கல் எறிந்தவர்களுக்காக ஓட முடியுமா?

யுத்தம் வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். பட்டாளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருக்கும் என்கிறான் வாலெந்தி.

பதவிக்காலம் ஐந்து வருடம். ஏற்றுக்கொண்ட வேலையை முடிக்கிறேன். 1944-ல் பஸ்கா முடிந்த மறுநாள் புறப்படுவேன், இது சத்தியம். அதுவரை பொறுத்துக்கொள். என்னைத் திட்டாதே, நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

உன் டோப்ரா


புவனோஸ் ஐரஸ்
27 ஆகஸ்ட் 1939

என் அன்பு அக்காவுக்கு,

எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நலமாக இருக்க வேண்டும், வாலெந்தி குடும்பமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று நீ எழுதிய வரியைப் பல தடவை படித்தேன். நம் அம்மா போனதிலிருந்து உன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. நான் ஒருத்தி, அதைக் கெடுக்கத்தானே இத்தனை நாள் பாடுபட்டேன். மன்னித்துவிடு. எனக்குப் பிள்ளை இல்லை என்று நீ ஒரு தடவையும் சொல்லிக் காட்டியதில்லை, ஆனால் உன் பெண்ணை என் கையில் கொடுத்தாய். அவள் காலையில் எழ மறுக்கும்போது சத்தம் போடுகிற சுகம் எனக்குக் கிடைத்திருக்கிறது. இதற்கு எப்படி நன்றி சொல்வது?

சங்கத்தில் எங்கள் முறை ஜூன் கடைசியில் வந்தது. உன் கடிதமும் அந்த வாரம்தான் வந்தது. பெயர் என்ன என்று நாஃப்தாலியைக் கேட்டார்கள், அவர் என்னைப் பார்த்தார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை அக்கா. உன் வேலையிலிருந்து உன்னைப் பிடித்து இழுக்க இனி எனக்கு மனம் வராது. எங்கள் முற்றத்தில் இருக்கும் பெய்லாவின் தம்பி போலந்தில், லூப்ளினில் வேலை இல்லாமல் இருந்தான். அவன் பெயரைச் சொன்னோம். தந்தி அடித்து எல்லாம் சீக்கிரமே முடிந்தது. போன வாரம் கப்பல் ஏறிவிட்டானாம்.

நேற்று பெய்லா தேன் கேக் சுட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து அழுதாள். நான் சொன்னேன், எனக்கு எதற்கு நன்றி, இடத்தை விட்டுக்கொடுத்தது என் அக்கா. முகம் தெரியாத உனக்குத்தான் அவள் நன்றி சொல்லச் சொன்னாள். "நூத்தி இருபது வயசு இருக்கணும் அந்த மகராசி" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன்.

போலந்து எல்லையில் படைகள் என்று பத்திரிகைகளில் என்னென்னவோ போடுகிறார்கள். நான் இப்போது படிப்பதை நிறுத்திவிட்டேன். 44-ல் பஸ்கா கழிந்து நீ வரும்போது துறைமுகத்துக்கு மூன்று பேரும் வருவோம். உன் கட்டிலை ஜன்னல் பக்கம் போடவா, அடுப்புப் பக்கம் போடவா என்று மறக்காமல் எழுது.

உன் தங்கை
ஃப்ரூமா